உனக்கு இது போதும்

பந்தியில் 'போதும்' என்ற சொல் இரண்டு விதமாக ஒலிக்கும். இலைக்கு மேலே கையை மறித்து நாமே சொல்லுகிற போதும் ஒன்று. பரிமாறுகிறவர் நம் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, உனக்கு இது போதும் என்று தாமே தீர்மானித்துக் கரண்டியை அடுத்த இலைக்கு நகர்த்திக்கொண்டு போவது இன்னொன்று. சொல் ஒன்றுதான். முதலாவதில் வயிறு நிறைந்திருக்கிறது. இரண்டாவதில் மனசு சுருங்கிப் போகிறது. போதுமென்ற மனத்தைப் பொன் செய்யும் மருந்து என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்களே, அது அவரவர் தாமே குடிக்க வேண்டிய மருந்து. அடுத்தவர் வாயைத் திறந்து புகட்டும்படி அவர்கள் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

இருந்தாலும், வாழ்க்கையில் பாதி நேரம் நாம் மற்றவர்களுக்காகத்தான் போதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வயதான தகப்பனாருக்குப் பழைய கண்ணாடி போதும். வேலைக்காரம்மாவுக்குப் போன தீபாவளிப் புடவை போதும். பெண் குழந்தைக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரி போதும். சொல்லுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பணம் அளவாகத்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் எங்கேயாவது கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே, சொல்லலாமா கூடாதா என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. சொல்லித்தான் தீர வேண்டியிருக்கும்போது எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது வேதாந்தப் புத்தகம் எதுவும் அல்ல. சென்னை அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிச்சி தெருவில் சாமான்களைப் பொறுக்கி வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர். வாசகர்கள் சிரிக்க வேண்டாம். தர்மசங்கடங்கள் குருக்ஷேத்திரத்தில்தான் வரும் என்பதில்லை. விலைப் பட்டியலிலும் வரும்.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் சரித்திரம் படித்துவிட்டு வெளியே வந்தவன். நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு மெஷின் வேண்டுமே என்று பத்து வருஷத்துக்கு முன் ஒன்றை நானே பூட்டிப் பார்த்தேன். அது ஓடியது. அன்றிலிருந்து உறவுக்காரர்களுக்குள் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. என் கதையைப் படித்துவிட்டு அவர்களில் யாரும் போன் செய்வதில்லை. கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமென்றால் தவறாமல் செய்கிறார்கள்.

2025 டிசம்பரில் அப்படிப் போன் செய்தவள் என் தங்கை மகள். கும்பகோணத்தில் இருக்கிறாள். பி.காம். படித்தவள். குழந்தை பிறந்த பிறகு வெளி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே எட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். பாத்திரக் கடை, மருந்துக் கடை, ஜவுளிக் கடை, ஒரு அரிசி மண்டி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து சின்னக் கடைக்காரர்களும் தவறாமல் கணக்குக் காட்டியாக வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடத்தில்தான் இவளுக்குப் பிழைப்பு. அதுவரை ஒரு பழைய மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கு வயதாகிவிட்டது.

"அறுபதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன் மாமா. என் காசு. அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. மேஜை மேல வைக்கிற மாதிரி ஒண்ணு பார்த்து வாங்கிக் குடுங்க" என்றாள்.

'என் காசு' என்று அவள் சொன்ன இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது. மேஜை மேல் வைப்பதுதான் வேண்டுமென்று அவள் கேட்டதற்கும் காரணம் இருந்தது. மடிக்கணினிக்கு வீட்டில் தனக்கென்று ஓர் இடம் கிடையாது. சோபாவில் கிடக்கும், படுக்கையில் கிடக்கும், பையன் மடியில் கிடக்கும். வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் அதைத் தேட வேண்டும். அகப்பட்டதும் யாரிடமிருந்தாவது பிடுங்க வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டர் நகராது. மனிதர்கள்தான் அது இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். நம் வீடுகளில் ஆண்பிள்ளைக்கு ஒரு சாய்வு நாற்காலியாவது இருக்கும். பெண்பிள்ளைக்குச் சமையலறை முழுவதும் சொந்தம் என்பார்கள், ஆனால் அங்கே உட்கார இடம் இருக்காது. அவள் கேட்டது கம்ப்யூட்டர் மட்டுமல்ல, மூன்றடி மேஜையும்தான் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாளே அவள் கணவர் பேசினார். நல்ல பிள்ளை. குடி, சீட்டு என்று எதுவும் கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர் அவர்தான். "எதுக்கு மாமா அவ்வளவு காசு? ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது சல்லிசா வருதாமே, அதுல ஒண்ணு பார்த்துக் குடுங்க. கணக்கு எழுதத்தானே? அவளுக்கு அது போதும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனிகள் நான்கைந்து வருஷம் உபயோகித்துவிட்டுக் கழிக்கும் மெஷின்கள் பல புதியவற்றைவிடக் கெட்டியானவை. நானே சிலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் மனசில் வைத்திருந்த விலைக்கு வருபவை எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசசர் உள்ளவை. விண்டோஸ் 10க்கு வழக்கமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ அந்தப் பழைய மெஷின்களில் போடுவதை அது ஏற்பதில்லை. எட்டுக் கடைகளின் வரவு செலவும் வரிக் கணக்கும் இருக்கிற பெட்டியைப் பூட்டில்லாத வீடு மாதிரி வைத்துக்கொள்ள முடியாது.

இதை விளக்கினேன், மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். ஆனால் என் காதில் நின்றது அவருடைய கடைசி மூன்று வார்த்தைதான். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். பழைய வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அந்த வீட்டில் யாரும் "உங்களுக்கு அது போதும்" என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

என் அம்மாவின் தையல் மெஷின் நினைவுக்கு வந்தது. என் சின்ன வயசில், 1980களின் கடைசியில், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தே அம்மா எங்கள் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் கட்டினாள். அப்பா வாங்கிக் கொடுத்தது கையால் சுற்றுகிற மெஷின். காலால் மிதிக்கிற மெஷினுக்கும் அதற்கும் அன்றைக்கு ஏதோ சில நூறு ரூபாய் வித்தியாசம். வீட்டில் தைக்கத்தானே, இது போதும் என்று அப்பா முடிவு செய்தார். தையல் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். காலால் மிதித்தால் இரண்டு கையும் துணியைப் பிடிக்கலாம். கையால் சுற்றினால் வலது கை சக்கரத்துக்குப் போய்விடும். வளைவும் நெளிவுமான ரவிக்கைத் துணியை இடது கை ஒன்றே நடத்திக்கொண்டு போக வேண்டும். அம்மா அப்படி ஆறு வருஷம் தைத்தாள். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் ஒரு நாளும் தைத்தவர் அல்ல. தைக்காதவர்தான் தைக்கிறவளுக்கு எது போதும் என்று முடிவு செய்தார்.

தையல் மெஷின் பேச்சு வந்ததால் காந்தியடிகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1924ல் சாந்திநிகேதனத்து மாணவர் ராமச்சந்திரன் அவரைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் விரோதியா என்று கேட்டார். பிற்காலத்தில் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து நிறுவியவர் இந்த ராமச்சந்திரன்தான். காந்தியடிகள் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப் போவதைக் கண்டு மனம் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார், அதன் பின்னால் அன்பு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். 'யங் இந்தியா'வில் அந்த உரையாடல் வெளிவந்தது.

சிங்கரின் சரித்திரம் இவ்வளவு அழகானதல்ல. பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் அடிக்கடி பழுதாகிக்கொண்டிருந்த ஒரு தையல் மெஷினைப் பார்த்து, இதைச் சரியாகச் செய்தால் காசு பண்ணலாம் என்றுதான் அவர் இறங்கினார். 1851ல் காப்புரிமை வாங்கினார். குடும்ப வாழ்க்கையிலும் ஏக பத்தினி விரதர் அல்ல. ஆனால் கதை பொய்யானதால் காந்தியடிகள் கண்ட அளவுகோல் பொய்யாகிவிடாது. ஓர் இயந்திரத்தை, அதில் உழைக்கப் போகிற மனுஷியின் முதுகிலிருந்தும் விரலிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது அந்த அளவுகோல். அதை வைத்துக்கொண்டுதான் நான் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம் என்பதே ஒரு தற்செயலான பாக்கியம். ஐ.பி.எம். கம்பெனி 1981 ஆகஸ்டில் தன் முதல் சொந்த உபயோகக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அவசரமாகச் சந்தைக்கு வர வேண்டியிருந்ததால் பிராசசரை இன்டெல்லிடம் வாங்கியது. மற்றச் சாமான்களிலும் பலவற்றை வெளியே வாங்கிச் சேர்த்தது. உள்ளே அட்டைகள் செருகும் காலி இடங்களை விட்டு வைத்தது. அமைப்பு விவரங்களையும் பகிரங்கமாக வெளியிட்டது. மற்றவர்களும் அதே போலச் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தக் காலி இடங்களின் புண்ணியத்தில்தான் இன்று ஒரு கதாசிரியன் கடை கடையாக ஏறி, பிராசசர் இங்கே, கேபினெட் அங்கே என்று பொறுக்க முடிகிறது. ஆனால் அந்தப் பாக்கியத்தோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. முழுசாக விற்கும் பெட்டியில் குறை இருந்தால் பழி கம்பெனிக்கு. நாம் பொறுக்கியதில் குறை இருந்தால் அந்தக் குறையைப் பொறுக்கியவர்களும் நாம்தான்.

முதல் கடைக்காரர், "என்ன வேலைக்கு சார்?" என்று கேட்டார். கணக்கு எழுத, வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்றேன். "அப்ப இதுவே போதும் சார்" என்று ஒரு சீட்டை நீட்டினார். மாப்பிள்ளையின் 'போதும்' இதில் வேறு வேஷத்தில் வந்து நின்றது. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்., எட்டு ஜி.பி. ராம், விலை போகாமல் தங்கிவிட்ட ஏதோ ஒரு மானிட்டர். வியாபாரியின் 'போதும்' எப்போதும் அவர் அலமாரியில் எது தேங்கியிருக்கிறதோ அதை ஒட்டித்தான் இருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை; அவருக்கு வாடகை இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் என் மகன் தன் பங்குக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். பதினேழு வயசு. அவனுடைய அகராதியில் போதும் என்ற சொல்லே கிடையாது. கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட், உள்ளே வர்ண விளக்கு, தனி கிராபிக்ஸ் கார்டு. "எதிர்காலத்துக்கு வேணும்ப்பா" என்றான். எந்த எதிர்காலம் என்று கேட்டேன். கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போகும்போது விளையாடலாம் என்ற எதிர்காலம் அது என்று பிறகு தெரிந்தது.

ஆனால் அவன் ஒருவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தொழிலே எதிர்காலத்தைக் காட்டித்தான் பிழைக்கிறது. ஒரு சில்லுக்குள் அடங்கும் உறுப்புகள் வருஷத்துக்கு இரு மடங்காகும் என்று கோர்டன் மூர் 1965ல் எழுதினார். 1975ல் அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். அன்றிலிருந்து நாம் வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் வாசற்படி தாண்டுவதற்குள் பழசாகிவிட்டதாக நமக்குச் சொல்லப்படுகிறது. 'போதும்' என்பது கஞ்சத்தனம் ஆகலாம் என்றால், 'போதாது' என்பது கொள்ளை ஆகலாம். அவள் எட்டுக் கடைக்குக் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில், அவளுக்கு ஒரு நாளும் உதவாத சாமானை வாங்குவது தாராளம் அல்ல.

ஆக, கோடு கிழித்தேன். முதலில் கிராபிக்ஸ் கார்டை அடித்தேன். கணக்குக்கும் வரித்துறைப் பக்கத்துக்கும் பிராசசருக்குள்ளேயே இருக்கும் படம் காட்டும் சக்தி தாராளம். இதில் ஒரு எழுத்து விஷயம் இருக்கிறது. இன்டெல் பிராசசரின் பெயர்க் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் அதற்குள் அந்தச் சக்தி கிடையாது. விலை கொஞ்சம் குறையும். அதை வாங்கிக்கொண்டு போய் கார்டு இல்லாமல் பூட்டினால் திரை இருண்டே கிடக்கும். நான் எடுத்தது 2022 ஜனவரியில் வெளிவந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ-3. நான்கு கோர். மகன் முகத்தைச் சுளித்தான். ஆனால் அந்த மதர்போர்டிலேயே பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைப் பிராசசர்களும் உட்காரும். வேலை பெருகினால் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டாம். அதை மட்டும் கழற்றிவிட்டுப் பெரியதைப் போட்டுக்கொள்ளலாம்.

ராம் விஷயத்தில்தான் அதிக நேரம் நின்றேன். 2025 கடைசி மாதங்களில் ராம் விலை ஏறியது ஞாபகம் இருக்கும். சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. செயற்கை அறிவுக்காக உலகெங்கும் எழுப்பப்படும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் நினைவுச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகின்றன. அவற்றைச் செய்யும் பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்றான மைக்ரான், வீட்டு உபயோகக்காரர்களுக்கு விற்கும் தன் 'க்ரூஷியல்' வியாபாரத்தையே மூடப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள், கும்பகோணத்துப் பெண்ணுக்கு இது போதும் என்று சொல்லிக் கரண்டியை நகர்த்திவிட்டார்கள்!

நான் எடுத்த போர்டில் ராம் செருக இரண்டே இடம். எட்டு எட்டாக இரண்டு போட்டால் இரண்டும் ஜோடியாக ஓடி வேகம் கூடும் என்பது விஷயம் தெரிந்தவர்கள் வாக்கு, உண்மையும்கூட. ஆனால் இரண்டு இடமும் அடைபட்டுப் போகும். நாளைக்குப் போதவில்லை என்றால் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வேறு வாங்க முடியும். பதினாறு ஜி.பி.யில் ஒன்றே ஒன்று போட்டால், டாலியில் கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியாத அளவு கொஞ்சம் வேகம் குறையும். ஓர் இடம் காலியாக இருக்கும். ஒன்றையே எடுத்தேன்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெளிவாயிற்று. மற்றவருக்காக நாம் போதும் சொல்லலாம். ஆனால் அந்தப் 'போதும்' அவர் பிறகு தம் கையாலேயே அழித்து எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். அம்மாவின் கை மெஷின் விஷயத்திலும் கடைசியில் நடந்தது இதுதான். ஆறு வருஷம் கழித்து, தன் சேமிப்பில் காலால் மிதிக்கும் ஸ்டாண்டு ஒன்று வாங்கி அதே மெஷினை அதன் மேல் ஏற்றிக்கொண்டாள். அப்பா சொன்ன போதுமை அம்மா திருத்தினாள். திருத்த இடம் இருந்தது. இடம் இல்லாமலே போயிருந்தால்? எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெண்களின் படிப்பும் பாட்டும் அப்படி, ஸ்டாண்டு பொருத்த இடமில்லாத மெஷினாக நின்று போயிருக்கின்றன.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பட்டியல் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. பின்னால் சேர்க்க முடிந்தவற்றில் கையைச் சுருக்கலாம். ராம் அப்படி. எஸ்.எஸ்.டி. அப்படி, ஐந்நூறு ஜி.பி. எடுத்தேன், எட்டுக் கடைக் கணக்கு அதில் ஒரு மூலையில் அடங்கும். குறை இருப்பதே தெரியாமல் உள்ளே இருந்து அரிப்பவற்றில் சுருக்கக் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ். அந்த இரண்டாவது ஜாதி. பெட்டிக்குள் ஒரு மூலையில் கிடக்கும் தகர டப்பா. வேகத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக்கி எல்லாருக்கும் படியளப்பது அதுதான். படியளக்கிறவன் சரியில்லை என்றால் குடும்பத்தில் எல்லார் உடம்பும் கெடும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். எரியும்போது தனியாக எரிவதில்லை. சில சமயம் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கேபினெட்டோடு இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, '80 ப்ளஸ்' முத்திரை உள்ள ஒன்றைத் தனியாக வாங்கினேன். இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் உள்ளே போய்ச் சேரும் என்பதற்குச் சோதித்துக் கொடுக்கும் முத்திரை அது. கடைக்காரர், "வீட்டு யூஸுக்கு எதுக்கு சார் இது?" என்றார். வீட்டு உபயோகம் என்றால் கௌரவக் குறைவு என்று நம் நாட்டில் யார் முடிவு செய்தார்களோ!

அதே கடையில் விண்டோஸைச் சும்மாவே போட்டுத் தருகிறேன் என்றார்கள். முறையாக வாங்கினால் அது மட்டும் பத்தாயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். அறுபதாயிரத்தில் ஆறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிகிற சாமானும் அல்ல. கொஞ்சம் யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மற்றவர்களின் கணக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சம்பாதிக்கிறவளின் மேஜையில் கணக்கில் வராத சரக்கை வைப்பது என்னவோ போல் இருந்தது. பணம் கொடுத்தே வாங்குவது என்று எழுதிக்கொண்டேன். வாரம் ஒருமுறை கணக்கைப் பிரதி எடுத்துப் பீரோவில் வைக்க ஒரு சின்ன வெளி டிஸ்க்கும் எழுதினேன். மின்சாரம் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ்.; உடம்பில் படுகிற சாமான்கள் என்பதால் கீபோர்டும் மானிட்டரும் கொஞ்சம் நல்லதாகவே.

எல்லாக் கதவையும் திறந்து வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விலைக்காக டி.டி.ஆர். 4 ராம் உள்ள போர்டை எடுத்தேன். புது வகையான டி.டி.ஆர். 5 அதில் நுழையாது. இரண்டுக்கும் பள்ளம் வெட்டியிருக்கும் இடமே வேறு. இன்னும் நாலைந்து வருஷத்தில் அந்தக் காலி இடத்துக்கு ஏற்ற ராம் சுலபமாகக் கிடைக்காமல் போகலாம். மனிதன் மனிதனுக்கு விட்டு வைக்கிற இடங்கள் எல்லாவற்றுக்குமே இப்படி ஒரு காலக்கெடு உண்டு போலும்.

பட்டியலை உடனே வாங்கிவிடவில்லை. ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எதை எடுத்தேன், எதை விட்டேன், விட்டதைப் பின்னால் சேர்க்கலாமா கூடாதா என்று குறித்துப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு பேசினாள்.

"யு.பி.எஸ்.ஸை அடிச்சிடுங்க மாமா. வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு. யு.பி.எஸ். மோடுன்னு அதுல ஒரு ஸ்விட்ச் இருக்கு. அதுல வச்சா கரண்ட் போறதே தெரியாது. பக்கத்து வீட்டு மாமி மெஷின் அப்படித்தான் ஓடுது. கீபோர்டையும் சாதாரணமா போட்டுடுங்க. நான் அடிக்கிறது முக்காவாசி நம்பர்தான். நம்பர் கட்டை பெரிசா இருந்தா சரி."

"அந்தப் பணத்தை என்ன செய்ய?"

"இன்னொரு மானிட்டர். ஒண்ணுல பில்லு, ஒண்ணுல டாலி. இப்ப ஒவ்வொரு பில்லுக்கும் அதைப் பார்த்து, இதுக்கு வந்து, திரும்ப அதுக்குப் போயின்னு, ஒரு நாளைக்கு இருநூறு தடவை போய்ட்டு வரேன் மாமா. போர்டுல ரெண்டு மானிட்டர் மாட்ட வாய் இருக்கான்னு மட்டும் பாருங்க."

இருந்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே இரண்டும் ஓடும். என் மகனும் கடைக்காரரும் மாப்பிள்ளையும் நானும், நாலு ஆண்பிள்ளைகள் மாறி மாறிப் போட்ட பட்டியல் எதிலும் அந்த இருநூறு தடவை இல்லை. அது அவள் கழுத்துக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

தை பிறந்ததும் பெட்டி போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையே தச்சரைக் கூப்பிட்டு ஜன்னல் ஓரமாக மேஜை போட்டுக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். மூன்றடி அல்ல, நாலரை அடி. கடைகள் எட்டிலிருந்து பத்தாகியிருக்கின்றன. ராம் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் பேசும்போது மேஜை சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்தேன். "நல்லா இருக்கு மாமா. அவருக்கு இதுல ஏதோ படம் பார்க்கணுமாம், ரெண்டு ஸ்கிரீன் இருக்கேன்னு கேட்டார். இருபதாம் தேதிக்கு ரிட்டர்ன் போடணும், அதுக்கப்புறம் வாங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.